வாவிக்கு மேலே இரண்டு அன்டனா

மச்சான்,

நேற்றுக் காலை அம்பிளாந்துறை அரிசி மில் கம்பத்திலிருந்து நம்முடைய இரண்டு அன்டனாக்களையும் இறக்கிவிட்டோம். பழுதாகி இறக்கவில்லை. கடைசி நிமிடம் வரை இரண்டும் வேலை செய்தன. அந்த இடத்துக்குப் புதுப் பெட்டி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

கீழே கொண்டுவந்து வைத்ததும், மேல் அன்டனாவின் மூட்டில் நீ சுற்றிவைத்த கறுப்பு நாடாவைக் கத்தியால் கீறினேன். கிறீஸ் மணம் குப்பென்று அடித்தது. எத்தனை மாரி, எத்தனை சோளகக் கோடை, எவ்வளவு உப்புக் காற்று! உள்ளே ஒரு துளி தண்ணீர் இறங்கவில்லை. செப்பு நேற்று வாங்கியதுபோல் மினுங்கியது. நீ நின்றிருந்தால் நெஞ்சைத் தட்டி, "வேல செய்தவன் ஆரெண்டு கேளுங்க" என்றிருப்பாய். நீ இல்லாதபடியால் அதை நான் சொல்ல வேண்டியதாயிற்று. நீ சொல்லும் அளவுக்குச் சத்தமாகவே சொன்னேன்.

அடக்கம் என்ற சரக்கு உன் கடையில் ஒருநாளும் இருந்ததில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. வியாபாரத்தில் வாய் உள்ளவன் ஒருவனும், வாயைக் கட்டத் தெரிந்தவன் ஒருவனும் வேண்டும். நாம் இரண்டு பேரும் சேர்ந்ததால்தான் குருக்கள்மடத்துச் சந்தியில் டோர்ச்சும் பற்றரியும் விற்ற கடை, வாவிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் இணையம் கொடுக்கும் கடையானது. இதை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஏன் மறைக்க வேண்டும்?

நீ கட்டாரில் இருந்து லீவில் வந்த மாரி நினைவிருக்கிறதா? அங்கே டவர்களில் ஏறி அன்டனா பூட்டும் வேலை உனக்கு. உன் மகளுக்கு அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தது. "அப்பா எங்க?" என்று கேட்டால் பக்கத்தில் நிற்கும் உன்னைக் காட்டாமல் மேசையில் கிடக்கும் போனைக் காட்டுவாள். எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். பிறகு கடைக்கு வந்து, சாமான் பெட்டியின் மேல் குந்தியிருந்துகொண்டு, "மச்சான், இஞ்ச எனக்கு ஒரு தொழில் புடிச்சித் தா. இல்லாட்டி தை முடியக் கிறுகியும் கட்டாருக்குப் போகோணும்" என்றாய்.

என்னிடம் தொழில் ஒன்று இருந்தது, செய்ய ஆள் இல்லை. நாம் இருக்கும் எழுவான்கரையில் கம்பி வழி இணையம் வந்துவிட்டது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், போனைத் தூக்கிக்கொண்டு மதிலில் ஏறினாலும் சிக்னல் இல்லை. வயர் இழுப்பதென்றால் வாவியைச் சுற்ற வேண்டும். காற்றின் வழியாகத் தண்ணீருக்கு மேலே நேராக அனுப்பிவிட்டால்? கடை மாடியில் ஒரு கம்பம், அம்பிளாந்துறையில் ஒரு கம்பம், நடுவில் வெறும் வாவி. மரம் இல்லை, கட்டடம் இல்லை. "பாலைவனம் மாதிரித்தான்" என்றாய் நீ. அந்தச் சொல்லில்தான் நாம் விழுந்தோம்.

முதல் வாடிக்கையாளர் மில் தவமணி அக்கா. புருசன் செத்தபின் மில்லைத் தனியே நடத்தியவ. கொழும்பு வியாபாரிகளுக்கு அரிசியைக் காட்டி நேரே விலை பேச வேண்டும், இடையில் நிற்கும் தரகரை வெட்ட வேண்டும் என்பது அவவின் திட்டம். நாம் போய்ச் சொன்னதும் ஏற இறங்கப் பார்த்தா. வாவியை ஆறு என்றுதான் அங்கே எல்லோரும் சொல்வார்கள்.

"தம்பிமார், ஆத்தத் தாண்டி எங்களுக்கு ஒண்டும் வாறல்ல. வாறதெண்டா வெள்ளமும் எலெக்சன் கேக்குற ஆக்களும்தான். நீங்க இதில எது?"

"நாங்க மூணாவது அக்கா" என்றாய் நீ. அவ சிரித்துவிட்டா. அப்போதே பாதி வியாபாரம் முடிந்தது.

மார்கழி அடைமழைக்குள் கம்பங்களை நிறுத்தினோம். வாவி கரை முட்டி நின்றது. நீ மில் கம்பத்தில் ஏறி, அன்டனாவைக் கம்பத்தோடு மேலும் கீழும் நகர்த்த, நான் கடை மாடியில் குடைக்குள் நின்று திரையில் தெரிந்த இலக்கத்தைப் போனில் கத்திக்கொண்டிருந்தேன். மிகக் கூடிய இலக்கம் வந்த இடத்தில் நட்டை இறுக்கினாய். கம்பத்தில் அன்டனாவோடு இருந்த ரேடியோப் பெட்டிக்கு அன்டனா வயர் பூட்ட இரண்டு வாய் இருந்தது. ஒன்றில் பூட்டினோம், மற்றதை ரப்பர் மூடியால் அடைத்தோம். அதையும் தவமணி அக்கா விடவில்லை.

"இதென்ன, ஒரு காதப் பொத்தி வச்சிருக்கிறீங்க?"

"அது சும்மா கிடக்குது அக்கா. கட்டார்ல கண்ணுக்கெட்டாத தூரத்துக்கெல்லாம் ஒண்டோடயே அடிச்சனான். இந்த ஆறு எனக்கு வாய்க்கால்."

இணைப்பு வந்தது. மில் வாசலில் ஊரே கூடி நின்றது. டுபாயிலும் டோகாவிலும் இருக்கும் புருசன்மாரின் முகத்தைப் பார்க்கப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். நீ காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தாய்.

அதற்குப் பிறகுதான் ஆற்றுவாய் வெட்டினார்கள். மழை மிஞ்சி வயல் மூழ்கப் போனால், முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டி வாவித் தண்ணீரைக் கடலுக்கு விடுவது இங்கு காலம் காலமாக நடப்பது. வெட்டினால் எல்லோருக்கும் சந்தோசம். நாமும் சந்தோசப்பட்டோம். தண்ணீர் இறங்க இறங்க நம் இணைப்பும் இறங்கியது.

முழுதாய்ச் செத்திருந்தால் காரணம் தேடுவது சுலபம். இது காலையில் ஊமை, பின்னேரம் பேச்சு. வயர் மூட்டுகளைக் கழற்றினாய், வயரை மாற்றினாய், மில் மோட்டாரைச் சந்தேகப்பட்டாய், கம்பத்தில் இருந்த காகத்தைக்கூட ஏசினாய். தவமணி அக்கா கீழே கதிரை போட்டிருந்து பார்த்தா.

"மனே, உங்கட சாமான் காலமையில நித்திர, பின்னேரம் எழும்புது. என்ட மனிசனும் உப்பிடித்தான் இருந்தவர். அவரயும் என்னால திருத்த ஏலாமப் போச்சு."

வேலையாட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவ சிரிக்காமல் ஒன்று சொன்னா: "வேளாண்மை வெட்டுத் தொடங்க முதல் சரி வராட்டிக் கழட்டிக் கொண்டு போங்க. நான் தரகரையே கூப்புடுறன்."

தரகர் திரும்பி வந்தால் மற்ற ஊர்க்காரர் யாரும் நம்மிடம் வரமாட்டார்கள். அது எனக்கு நட்டம், ஆனால் தாங்கக்கூடிய நட்டம். பற்றரி விற்றுப் பிழைத்தவன், மறுபடி பற்றரி விற்பேன். உனக்கு அப்படியல்ல. இது நின்றால் நீ ஊரில், விழுந்தால் கட்டாரில். உன் வீட்டு வாசலில் றால் கருவாடு வறுக்கும் மணம் அடிக்கத் தொடங்கியிருந்தது. அந்த மணம் அடித்தால் நீ பயணம் என்று தெருவுக்கே தெரியும். கருவாடு வறுத்த உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுபவள், என்னைக் கண்டதும் அடுப்பைப் பார்த்தபடி, "அண்ணன், அது சரிவருமா?" என்றாள். பார்ப்பம் என்று மட்டும் சொன்னேன். விலை தெரியாத சாமானுக்கு நான் உறுதி கொடுப்பதில்லை.

அடுத்த நாள் காலை நாம் இருவரும் பாதையில் போனோம். மோட்டார் சைக்கிளும் நெல் மூட்டையும் சனமும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் அந்த மிதவைக்கு நம்முடைய ஊரில் பாதை என்றுதான் பெயர். காற்று இல்லை. வாவி கண்ணாடியாகக் கிடந்தது. கிழக்கே திரும்பி நின்ற நீ கையால் முகத்தை மறைத்தாய். பிறகு கையைக் கீழே இறக்கி மறைத்தாய். பிறகு மேலே.

"என்ன மச்சான், ஈ அடிக்கிறியா?"

"ரெண்டு சூரியன் மச்சான்! மேல ஒண்டு, தண்ணிக்குள்ள ஒண்டு. ரெண்டாலயும் கூசுது."

"பாதையில வாற ஆக்கள் எல்லாருக்கும் அப்பிடித்தான்."

"பொறு, பொறு. பின்னேரம் காத்தடிச்சா தண்ணிச் சூரியன் உடைஞ்சி போகும். பின்னேரம்தானே நம்மட இணைப்பும் வருது!"

நீ கத்திய கத்தலில், தண்ணீரில் குதிக்கப் போகிறாய் என்று நினைத்துப் பின்னால் நின்ற ஒரு கிழவர் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டார். நீ அவரையும் விடாமல் விளக்கினாய். கடையில் இருந்து கிளம்பும் அலை இரண்டு வழியால் மில்லுக்குப் போகிறது. ஒன்று நேராக, மற்றது தண்ணீரில் பட்டுத் தெறித்து. இரண்டும் ஒரே தாளத்தில் வந்து சேர்ந்தால் பலம். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பாலைவன மணல் இப்படித் தெறிக்க விடாது, கண்ணாடித் தண்ணீர் விடும். வாவி நிரம்பி நிற்கும்போது பலமாயிருந்த இடத்தில் நாம் நட்டை இறுக்கினோம். வாவி இறங்கியதும் தெறிக்கும் வழியின் நீளம் மாறியது, பலமாயிருந்த அதே இடம் குழியாயிற்று. கிழவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ஆத்த நிரப்பச் சொல்லுங்க தம்பி" என்றார்.

மில்லுக்குப் போனதும் கம்பத்தில் ஏறி நட்டைத் தளர்த்தினாய். அன்டனாவைக் கையில் ஏந்தி மெல்ல மெல்லக் கீழே இறக்கினாய். நான் மில் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இலக்கம் ஏறியது. "வருது, வருது!" என்றேன். இன்னும் இறக்கினாய், உச்சிக்கு வந்தது. அந்த இடத்திலேயே பூட்டிவிடு என்றேன் நான். காரியம் முடிந்தால் சரி என்று பார்ப்பவன் நான்.

நீ மேலே இருந்தபடி தலையை ஆட்டினாய். "நாளைக்கு இன்னும் தண்ணி இறங்கும். அடுத்த மாரிக்கு ஏறும். எத்தினை தரம் நான் இதில ஏறி இறங்குற? ஏறுறதுக்கு நான் இஞ்ச இருக்கவும் மாட்டன்." கம்பத்தை மேலும் கீழும் பார்த்தாய். பிறகு பெட்டியில் இருந்த ரப்பர் மூடியைப் பிடுங்கிக் கீழே எறிந்தாய். "பொத்தின காதத் துறப்பம் மச்சான்!"

அந்த மூடியை எறிந்ததற்காக இன்றைக்கும் நான் உனக்குத் தலை வணங்குவேன். ஒரே சேதியை ஒன்றரை ஆள் உயரம் இடைவெளி விட்டு இரண்டு அன்டனா வாங்கும். ஒரு உயரத்தில் குழி விழும்போது மற்ற உயரத்தில் மேடு இருக்கும். பெட்டி இரண்டையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளும். "ஒரு காது அடைச்சா மற்றக் காது கேக்கும்" என்று பிற்காலத்தில் நீ ஆயிரம் பேருக்குச் சொன்ன வாக்கியம் அன்றைக்குப் பிறந்தது. தவமணி அக்காதான் முதலில் காது என்று சொன்னவ என்பதை நீ யாருக்கும் சொல்லவில்லை. சரி, போகட்டும்.

இரண்டாவது அன்டனாவுக்குக் காத்தான்குடிக்கு ஓடினேன். நமக்குச் சாமான் தரும் மொத்த வியாபாரி, முஸ்லிம் வழக்கில் அண்ணன் என்ற முறையில் நாம் காக்கா என்று கூப்பிடுபவர், பெட்டியை எடுத்துவைத்து, "என்ன வாப்பா, உங்கட கட்டார்க்காரருக்கு ஒண்டு போதுமெண்டாரே?" என்று கேட்டார். "ஒண்டு கம்பத்துக்கு, மற்றது அவர்ர வாய்க்கு" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் விலையையும் கொஞ்சம் இறக்கினார்.

பூட்டிய பிறகு வந்த காலைகளில் தண்ணீர் இன்னும் இறங்கியது. மேல் அன்டனா சரியும்போது கீழ் அன்டனா நிமிரும், கீழது சரியும்போது மேலது நிமிரும். இணைப்பு அசையவில்லை. தவமணி அக்கா நம் இலக்கத்தை நம்பவில்லை. தன் சோதனையைத் தானே வைத்தா. வாவி அசையாமல் கிடந்த ஒரு காலையில் கொழும்பு வியாபாரியை வீடியோவில் அழைத்து, உள்ளங்கையில் அரிசியைக் கொட்டிக் காட்டினா. அந்த மனுசன் அங்கிருந்து, "அக்கா, உடைஞ்ச குறுணி அதிகமா இருக்கு, விலை குறைக்கணும்" என்றான். அவவுக்குக் கோபம் வர வேண்டிய இடம். முகமெல்லாம் சிரிப்பாக நம் பக்கம் திரும்பினா.

"குறுணி தெரியுதாம்டா!"

அன்றைக்கே வெற்றிலைத் தட்டை எடுத்துவைத்துப் பேசி முடித்தா. நாம் கேட்ட மாதக் கட்டணத்தில் ஒரு சதம் குறைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நிபந்தனைக் கட்டு வைத்தா: "கம்பத்தில ஏறினவர் ஆத்தத் தாண்டலாம், கடலத் தாண்டப்படாது. பழுதான நேரம் நான் கட்டாருக்கா கோல் எடுத்து ஏறச் சொல்ற?"

நீ வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாய். நான்தான் "ஓம் அக்கா" என்றேன். பயணத்துக்கு வறுத்த றால் கருவாட்டை அடுத்த நாள் மில்லிலேயே எல்லோரும் சோற்றோடு தின்று தீர்த்தோம். உன் விசா அது பாட்டுக்குக் காலாவதியானது.

பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், சொல்ல ஆசையாக இருக்கிறது. வாவியோரம் நாம் நிறுத்திய கம்பங்களில் ஒன்றுகூட ஆற்றுவாய் வெட்டிய கிழமையில் ஊமையாகவில்லை. கொழும்பில் இருந்து பெரிய கம்பனி எஞ்சினியர்மார் டவர் வைக்க வந்தபோது அவர்களும் தண்ணீருக்கு மேலே இரண்டு அன்டனாதான் வைத்தார்கள். அது அவர்களுடைய பாடப் புத்தகத்தில் முதலே இருந்த சங்கதி. நாம் புதிதாய் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்று நான் சொன்னபோது, "புத்தகத்த ஆத்துல நாமதானே வாசிச்சம்" என்றாய். நல்ல பதில். வியாபாரத்துக்கு உதவாத பதில்.

அதன் பின் இரண்டு அன்டனாவும் ஆளுக்குப் பாதிச் சேதியைச் சுமக்கும் பெட்டிகள் வந்தன. ஒன்றின் அலை நின்றபடி போகும், மற்றதன் அலை படுத்தபடி போகும், ஒன்றோடொன்று முட்டாது. அதே காற்றில் இரட்டிப்பு வேகம். வீட்டு ரவுட்டரில் நாலு கொம்பு முளைத்தது. சுவரிலும் கூரையிலும் பட்டுத் தெறித்து வரும் அலைகளையே தனித்தனிப் பாதையாக்கி, அவற்றில் வேறுவேறு சேதி அனுப்பும் வித்தையும் வந்தது. அதை வாசித்த அன்று நீ கடைக்குள் துள்ளினாய். "நம்மளக் கெடுத்த தெறிப்பப் புடிச்சி வேலைக்கு வச்சிட்டானுகள் மச்சான்!" இன்றைக்கும் "இதுக்கு ஏன் இத்தனை கொம்பு?" என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு நான் உன் வாக்கியங்களைத்தான் சொல்கிறேன். விற்பனை நடக்கிறது.

நீ போனது கம்பத்தில் இருந்து விழுந்தல்ல. கடையில், கதிரையில், நெஞ்சு நோகுது என்று சொல்லி, தேத்தண்ணி ஆற முதல். அன்றைக்குப் பாதை வழமைக்கு மேலாக ஓடியது. படுவான்கரைச் சனம் வந்தது. நீ யாருக்கெல்லாம் கம்பத்தில் ஏறினாயோ அவர்கள் எல்லோரும் வந்தார்கள். உன் மகளின் கையைத் தவமணி அக்கா பிடித்துக்கொண்டிருந்தா. அந்தப் பிள்ளை சொன்ன கதைகள் எல்லாம் நீ வீட்டில் இருந்த கதைகள்: நீ சைக்கிள் பழக்கியது, விளையாட்டுப் போட்டியில் அவள் ஓட நீ வெளியே நின்று சத்தம் போட்டு ஆசிரியரிடம் ஏச்சு வாங்கியது, புட்டு அவிக்கத் தெரியாமல் கரித்தது. போனில் வந்த அப்பாவைப் பற்றி அவளிடம் ஒரு கதையும் இல்லை. கணக்குப் பார்த்தே வாழ்ந்தவன் நான். நாம் செய்த வியாபாரத்தில் கிடைத்த லாபம் என்னவென்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

நேற்று ஏறிய புதுப் பெட்டிக்குள் நாலு அன்டனா அடக்கம். வெளியே பார்த்தால் ஒரு தட்டையான பலகை. என்றாலும் கீழே, ஒன்றரை ஆள் உயரம் விட்டு, இன்னொன்றும் பூட்டினேன். வேலைக்கு வந்த இரண்டு பேரும் இது தேவையில்லை என்றார்கள். எனக்குத் தேவை என்றேன்.

வேலை முடிந்ததும் புது ஒப்பந்தம் பேச உட்கார்ந்தோம். தவமணி அக்காவுக்கு இப்போது கண் கொஞ்சம் மங்கல், வாய் மங்கவில்லை. கட்டணம் பேசி முடிந்தது. பிறகு கேட்டா:

"அப்ப அந்தக் கட்டு? ஆத்தத் தாண்டலாம், கடலத் தாண்டப்படாது எண்ட கட்டு. அதுக்கு இனி ஆரு?"

என் மூத்த மகன் கனடாவில் வீடு வாங்கிவிட்டான். கடையை விற்றுவிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து நிரந்தரமாக இருங்கள் என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறான். அதை அக்காவுக்கு மறைக்காமல் சொன்னேன். அவ வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே இருந்தா.

"போ மனே, போய்ப் புள்ளயப் பாரு. ஆரு வேணாமெண்ட? மறுகா வா."

மறுகா என்றால் பிறகு. பிறகு என்றால் எப்போது என்று நான் கேட்டேன். வியாபாரத்தில் தவணை சொல்லாத சொல் செல்லாது. அவ தவணையோடு கட்டுகளையும் சொன்னா, நான் அதில் ஒன்றைக் குறைத்துக் கேட்டேன், அவ குறைக்கவில்லை. கடைசியில் பேசி முடித்தது இது. மாதக் கட்டணம் பழையபடியே. மின்னலில் பெட்டி போனால் என் பொறுப்பு, கம்பம் போனால் அவவின் பொறுப்பு. பங்கு எப்போதும்போல் பாதி எனக்கு, பாதி தங்கச்சிக்கு. அந்தக் கட்டு இனி எனக்கு: நான் கனடாவுக்குப் போவதென்றால் கோடையில் சோளகத்தோடு போக வேண்டும், மாரி தொடங்க முதல் திரும்ப வேண்டும். ஆற்றுவாய் வெட்டும் கிழமை நான் கடை மாடியில் நிற்க வேண்டும்.